மிருகம், வெட்டுக்கிளி, ஆயிரம் வருஷம்: வெளிப்படுத்தலின் அடையாளங்களை எப்படி வாசிப்பது

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அந்த மிருகம் யார்?" நான் நடத்தும் வேதபாட வகுப்பில் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள், பெந்தெகொஸ்தே சபையார் இருக்கிறார்கள், லுத்தரன் பின்னணியில் வளர்ந்தவர்களும் அட்வென்டிஸ்டுகளும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை முதல் நாளே எடுத்துவிட்டால் வகுப்பு அன்றைக்கே இரண்டாகிவிடும். ஆளுக்கொரு பதில் தயாராக இருக்கும், ஒவ்வொரு பதிலுக்கும் வசன ஆதாரமும் இருக்கும். அதனால் அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தால், கடைசியில் ஒத்துப்போகாவிட்டாலும், எந்த வசனத்தில் பிரிகிறோம், ஏன் பிரிகிறோம் என்பதாவது விளங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை வேதம் தெரியாதவர் என்று நினைப்பது அதோடு நின்றுவிடும்.

புத்தகமே பதில் சொல்லும் இடங்கள்

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு 22 அதிகாரங்களையும் ஒருமுறை வேகமாக வாசியுங்கள். இதை எழுதிய யோவானோ அவரோடு பேசும் தூதனோ "இது இன்னது" என்று வாய்விட்டுச் சொல்லும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள். ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் (1:20). பொற்கலசங்களில் உள்ள தூபவர்க்கம் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் (5:8). வலுசர்ப்பம் பழைய பாம்பாகிய சாத்தான் (12:9). வேசி உட்கார்ந்திருக்கும் தண்ணீர்கள் ஜனங்களும் கூட்டங்களும் (17:15). மணவாட்டி உடுத்தும் மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களுடைய நீதி (19:8).

கோடு போட்ட இடங்கள் அதிகம் இருக்காது. ஆனால் இந்த இடங்களில் எந்தச் சபைக்கும் எந்தச் சபையோடும் சண்டை கிடையாது. "எல்லாவற்றையும் எழுத்தின்படியே எடுக்க வேண்டும்" என்கிறவரும் இங்கே விளக்கு என்றால் சபை என்று ஏற்றுக்கொள்கிறார். "எல்லாமே உருவகம்" என்கிறவர், அந்த ஏழு விளக்குகளும் எபேசு, சிமிர்னா, பெர்கமு என்று நிஜமான ஊர்களில் இருந்த நிஜமான சபைகள் என்பதைப் பார்க்கிறார். அடையாளம் என்பதால் அது சுட்டும் பொருள் பொய்யாகிவிடாது. இந்த ஒரு விஷயத்தில் வகுப்பு ஒத்துப்போன பிறகுதான் அடுத்ததற்குப் போகிறேன்.

சில இடங்களில் தூதன் சொல்லும் விளக்கமே புதுக் கேள்வியைக் கிளப்பும். 17:9ல் மிருகத்தின் ஏழு தலைகளும் அந்த ஸ்திரீ உட்கார்ந்திருக்கும் ஏழு மலைகள் என்கிறான். கி.பி. 71ல் வெஸ்பாசியன் பேரரசரின் காலத்தில் அச்சிட்ட ஒரு நாணயத்தில் ரோமா தேவி ஏழு குன்றுகளின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காசைப் புழங்கிய காலத்து மக்களுக்கு "ஏழு மலை" என்றதும் எந்த நகரம் ஞாபகம் வந்திருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அடுத்த வரியே அந்தத் தலைகள் ஏழு ராஜாக்களும்கூட, ஐந்துபேர் விழுந்தார்கள், ஒருவன் இருக்கிறான் என்கிறது. ராஜாக்களை ஜூலியஸ் சீசரிலிருந்து எண்ணுவதா, அகஸ்துவிலிருந்தா? சில மாதங்களே ஆண்ட கல்பா, ஓத்தோ, விதெல்லியுவைக் கணக்கில் சேர்ப்பதா? எண்ணும் விதத்தைப் பொறுத்து ஆறாவது ராஜா மாறுவான். இவர்கள் தனி மனிதர்களே அல்ல, எகிப்து, அசீரியா, பாபிலோன் போன்ற சாம்ராஜ்யங்கள் என்கிறவர்களும் உண்டு. இது பிரிவு தொடங்கும் இடம் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு மேலே போங்கள்.

படம் எங்கிருந்து வந்தது?

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "எழுதியிருக்கிறபடி" என்று சொல்லி யோவான் ஒரு வசனத்தைக்கூட மேற்கோள் காட்டுவதில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டின் எதிரொலி இல்லாத பத்தி இந்தப் புத்தகத்தில் அபூர்வம். தானியேல், எசேக்கியேல், சகரியா, ஏசாயா, யாத்திராகமம், சங்கீதம் 2 ஆகியவற்றைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

13ஆம் அதிகாரத்து மிருகத்தையே பாருங்கள். சமுத்திரத்திலிருந்து ஏறி வருகிறது. சிறுத்தையைப் போன்ற உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய், பத்துக் கொம்பு, ஏழு தலை. இப்போது தானியேல் 7ஐத் திருப்புங்கள். அங்கே சமுத்திரத்திலிருந்து வருபவை நான்கு மிருகங்கள்: சிங்கம், கரடி, சிறுத்தை, அப்புறம் பத்துக் கொம்புள்ள பெயரில்லாத நான்காவது. அதில் சிறுத்தைக்கு மட்டும் நான்கு தலை, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று. கூட்டினால் ஏழு. தானியேல் கண்ட நான்கையும் யோவான் ஒரே உடலில் பார்க்கிறார், அதுவும் தலைகீழ் வரிசையில். வகுப்பில் யாரையாவது இதைத் தாளில் வரையச் சொல்லுங்கள். வரைந்து முடிக்கும்போது, இந்த மிருகம் ஏதோ ஒரு ராஜாவோடு முடிந்துபோகிற விஷயமாக அவர்களுக்குத் தோன்றாது. தேவனுடைய ஜனத்தை மிதித்த சாம்ராஜ்யங்கள் எல்லாம் திரண்டு ஒரே உருவில் வந்து நிற்கிறது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். அந்த உருவம் வரலாற்றின் முடிவில் ஒரு தனி மனிதனிடம் முழுமையடையும் என்று என் வகுப்பில் பலர் நம்புகிறார்கள். தானியேலில் சின்னக் கொம்பு பேசுவதையும் 2 தெசலோனிக்கேயர் 2ல் பாவமனுஷன் தேவாலயத்தில் உட்காருவதையும் சேர்த்து வாசிப்பதால் அவர்களுக்கு அப்படித் தெரிகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்திக்கிறிஸ்து என்ற பெயர் யோவானின் நிருபங்களில்தான் வருகிறது, வெளிப்படுத்தலில் ஒரு இடத்திலும் இல்லை. இந்தப் பகுதிகளையெல்லாம் ஒரே ஆளாகச் சேர்ப்பது நாம் எடுக்கும் முடிவு. காரணம் சொல்லி எடுக்கலாம். எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

நெற்றியில் போடும் முத்திரையும் இப்படித்தான். 13ஆம் அதிகாரத்தின் கடைசியில் வலதுகையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை. பார்கோடு, அட்டை, தோலுக்கடியில் சிப் என்று பேச்சு உடனே அங்கே ஓடும். அதிகார எண்ணை மறந்துவிட்டு அடுத்த வசனத்தையும் சேர்த்தே வாசியுங்கள். 14:1ல் ஆட்டுக்குட்டியானவரோடு நிற்கிற 1,44,000 பேருடைய நெற்றியில் பிதாவின் நாமம் எழுதியிருக்கிறது. இரண்டு நெற்றி, இரண்டு எழுத்து, நடுவே ஒரு மூச்சுகூட இடைவெளி இல்லை. ஒன்றைக் கருவி என்றும் மற்றதை ஆவிக்குரியது என்றும் சொல்கிறவர் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். உபாகமம் 6:8ல் தேவனுடைய வார்த்தைகளைக் கையில் கட்டி, கண்களுக்கு நடுவே ஞாபகக்குறியாக வைக்கச் சொல்லியிருக்கிறது. எசேக்கியேல் 9:4ல் எருசலேமின் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிடுகிறவர்களின் நெற்றியில் அடையாளம் போடுகிறார்கள். யாருடைய சொத்து நீ, யாருக்கு உன் வேலையும் நினைப்பும் என்பதுதான் அங்கெல்லாம் விஷயம். முத்திரை இல்லாதவனுக்கு வாங்கவும் விற்கவும் தடை (13:17) என்பது நிஜமான பொருளாதார நெருக்கடிதானே என்று, இவை இனிமேல் நடக்கும் என்று வாசிக்கிற எதிர்கால விளக்கக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

ஏழு ஊர்களில் என்ன கேட்டிருக்கும்?

இந்தப் புத்தகம் கடிதமாகப் போய்ச் சேர்ந்த ஏழு சபைகளின் ஊர்களை வரைபடத்தில் பாருங்கள். லவோதிக்கேயாவுக்கு ஒருபக்கம் எராப்போலியின் வெந்நீர் ஊற்றுகள், இன்னொருபக்கம் குளிர்ந்த தண்ணீருள்ள கொலோசே. அந்தச் சபைக்கு எழுதிய அனலுமில்லை குளிருமில்லை என்ற வார்த்தை அவர்களுக்கு எப்படி உறைத்திருக்கும்! கி.பி. 60ல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் தன் கைக்காசிலேயே எழுந்த ஊர் அது என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதியிருக்கிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று அந்தச் சபை சொல்லிக்கொள்வதை (3:17) இதோடு சேர்த்து வாசியுங்கள்.

எழுதிய காலத்தையும் இங்கேயே பேசிவிடுவது நல்லது. கி.பி. 180 வாக்கில் எழுதிய இரேனேயு என்ற சபைப் பேராயர், ரோமப் பேரரசர் தொமித்தியன் ஆட்சியின் கடைசியில் யோவான் இந்தத் தரிசனத்தைக் கண்டார் என்கிறார். அப்படியானால் சுமார் கி.பி. 95. அவருக்கு முந்திய பேரரசர் நீரோ காலத்திலோ அதற்குச் சற்றுப் பின்னோ, எருசலேம் இடிவதற்கு முன்பே எழுதப்பட்டது என்கிறவர்களும் இருக்கிறார்கள். இது வெறும் தேதிச் சண்டை இல்லை. கி.பி. 70ல் ஆலயம் இடிந்ததைத்தான் இந்தப் புத்தகம் முன்னறிவிக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அது 70க்கு முன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒரே வெட்டுக்கிளி, நான்கு வாசிப்பு

சரி, இனி விளக்கங்களுக்கு வரலாம். நான்கு பெரிய வாசிப்பு முறைகள் உண்டு. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட ஒரு அடையாளத்தை நான்கிலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. 9ஆம் அதிகாரத்து வெட்டுக்கிளிகளை எடுங்கள்: பாதாளக்குழியின் புகையிலிருந்து வருகின்றன, குதிரைபோல இருக்கின்றன, மனித முகம், சிங்கப் பல், இரும்பு மார்க்கவசம், தேள் வால், ஐந்து மாதம் வேதனை.

எல்லாம் முதல் நூற்றாண்டிலேயே நடந்தேறியது என்று வாசிப்பவர்கள், ரோமத் தளபதி தீத்து கி.பி. 70ல் எருசலேமை முற்றுகையிட்டிருந்த ஏறக்குறைய ஐந்து மாதங்களை இங்கே காண்கிறார்கள். அப்போஸ்தலர் காலத்திலிருந்து முடிவுவரையான சபை வரலாறு வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்த பழைய புரொட்டஸ்டன்ட் உரையாசிரியர்கள் பலர், எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6 ஆகியவற்றை வைத்து ஒரு நாளை ஒரு வருஷமாக எண்ணினார்கள். ஐந்து மாதம் 150 வருஷமாகிறது, வெட்டுக்கிளிகள் 7ஆம் நூற்றாண்டில் எழுந்த அரபுப் படைகளாகின்றன. பெரும்பகுதி இனிமேல்தான் நடக்கும் என்கிற எதிர்கால விளக்கத்தில் இவை முடிவுக்கு முன் வரும் உபத்திரவகாலத்தில் அவிழ்த்துவிடப்படும் பிசாசுகள். ஹெலிகாப்டர் போன்ற போர்க்கருவியைத்தான் யோவான் தன் காலத்து வார்த்தைகளில் சொன்னார் என்கிறவர்களும் இதில் உண்டு. நான்காவது வாசிப்பில் இவை எந்த ஒரு சம்பவத்தையும் குறிப்பதில்லை. தேவனை விட்டு விலகிய மனதைத் தீமை உள்ளிருந்து அரிப்பது எல்லாக் காலத்துக்கும் உரியது.

இப்போது எல்லாரும் 9:4ஐ நிதானமாக வாசிக்கட்டும். புல்லையும் பசுமையையும் மரத்தையும் தொடக்கூடாது, நெற்றியில் தேவனுடைய முத்திரை இல்லாத மனுஷரை மட்டும் வேதனைப்படுத்த வேண்டும் என்று இவற்றுக்குக் கட்டளை. புல் தின்னாத வெட்டுக்கிளி! சாதாரணப் பூச்சி இல்லை என்பதை வசனமே சொல்லிவிடுகிறது. யாத்திராகமம் 10ல் எகிப்தின் பயிரைத் தின்ற வெட்டுக்கிளியும், யோவேல் 1லும் 2லும் சிங்கப் பல்லோடும் இரதங்களின் இரைச்சலோடும் வருகிற படையும் இங்கே சேர்ந்திருக்கின்றன. யோவேல் அந்தப் படையைக் காட்டியது மனந்திரும்பச் சொல்வதற்காக. வெளிப்படுத்தல் 9 முடியும்போது மீதியானவர்கள் மனந்திரும்பவில்லை என்று துக்கத்தோடு எழுதியிருக்கிறது. நான்கு வாசிப்புக்காரரும் இந்த முடிவுக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். ஹெலிகாப்டர் விளக்கம் எனக்கு ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான்: யோவேலோடு உள்ள தொடர்பு அதில் அறுந்துபோகிறது, முத்திரை போட்டவனை விட்டு மற்றவனை மட்டும் தாக்கும் என்பதற்கும் அதில் இடமில்லை.

இந்த முறைகள் யாருடைய கையில் வளர்ந்தன என்று தெரிந்திருப்பதும் உதவும். சீர்திருத்தக் காலத்தில் புரொட்டஸ்டன்டுகள் போப்பின் ஆட்சியையே அந்திக்கிறிஸ்து என்றார்கள். 1646ல் முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையிலேயே அது இருக்கிறது. மறுபக்கத்தில் ரிபேரா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குருவின் உரை பெரும்பகுதியை எதிர்காலத்துக்குத் தள்ளியது. அதே சபையின் அல்காசர் எழுதியது கடந்தகாலத்துக்குத் தள்ளியது. அதற்காக இரண்டையும் சூழ்ச்சி என்று ஒதுக்காதீர்கள். வசனத்தில் ஆதாரம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

666

13:18ல் மிருகத்தின் இலக்கத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருப்பதால் எண்ணத்தான் வேண்டும். எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. "நேரோன் கேசர்" என்பதை எபிரெயத்தில் எழுதினால் 50, 200, 6, 50, அப்புறம் 100, 60, 200. மொத்தம் 666. பெயரின் கடைசியில் உள்ள "ன்" இல்லாமல் எழுதினால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இந்த இரண்டு எண்ணும் ஒரே பெயருக்குப் பொருந்துவது நீரோ விளக்கத்துக்கு நல்ல பலம். ஆனால் கிரேக்கம் பேசிய சபைகள் எபிரெயக் கணக்குப் போட்டிருக்குமா என்பது நியாயமான தடை. இரேனேயுவுக்கு 616 தெரியும், அதைத் தவறான பாடம் என்று தள்ளுகிறார். அவர் யோசித்துப் பார்த்த பெயர்களில் நீரோ இல்லை. "லத்தேய்னோஸ்" என்ற கிரேக்கப் பெயர் இருக்கிறது, பிற்காலப் புரொட்டஸ்டன்டுகள் இதைத்தான் ரோம சபைக்கு எதிராக எடுத்துக்கொண்டார்கள். வேறு சிலர், முழுமையைக் குறிக்கும் ஏழுக்கு மூன்றுமுறை எட்டாமல் போன ஆறு என்று மட்டும் வாசிக்கிறார்கள்.

பெயர் சொல்ல அவசரப்படாதீர்கள் என்று அப்போதே எச்சரித்தவரும் இரேனேயுதான். அந்தப் பெயர் இப்போது வெளிப்பட வேண்டியிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் என்கிறார். அதற்குப் பிறகு நெப்போலியன், முசோலினி, ஹிட்லர் என்று எத்தனை பெயர்களுக்குக் கணக்குப் போட்டார்கள்! புதுப் பெயரோடு யாராவது வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதே கணக்கை வைத்து வேறு பத்துப் பெயருக்கும் 666 வரவழைக்க முடியுமா? முடியும் என்றால் அந்தக் கணக்கு எதையும் நிரூபிக்கவில்லை.

செய்தியை வைத்து வாசிப்பதற்கும் இதே சோதனை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் 1981ல் கிரீஸ் பத்தாவதாகச் சேர்ந்தது, இதோ பத்துக் கொம்பு என்றார்கள். 1986ல் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் சேர்ந்து பன்னிரண்டானது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். தானியேல் 8:14ன் 2300 நாளை வருஷமாக்கி, கி.மு. 457லிருந்து எண்ணி, 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று வில்லியம் மில்லரின் இயக்கத்தார் காத்திருந்தார்கள். அன்று அழுதவர்களின் கண்ணீர் உண்மையானது. அவர்களில் ஒரு பகுதியினர் அந்தத் தேதியைப் பரலோக ஆலயத்தில் கிறிஸ்து செய்யும் ஊழியத்தின் ஒரு கட்டமாகப் புரிந்துகொண்டார்கள், அங்கிருந்து அட்வென்டிஸ்டு சபை வளர்ந்தது. 1534ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரைப் பிடித்து அதுவே புதிய எருசலேம் என்று அறிவித்தவர்களின் கதையோ அடுத்த வருஷமே ரத்தத்தில் முடிந்தது. அடையாளத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதில் மனிதர்களின் உயிரே அடங்கியிருக்கிறது.

ஆயிரம் வருஷமும் சூரியனை அணிந்த ஸ்திரீயும்

20ஆம் அதிகாரத்தில் பிரிவு எங்கே என்று துல்லியமாகக் காட்டலாம். 19ல் கிறிஸ்து வருகிறார், 20ல் ஆயிரம் வருஷம். இது நடக்கும் வரிசையா, யோவான் கண்ட வரிசை மட்டுமா? நடக்கும் வரிசை என்றால், அவர் வந்தபின் பூமியில் ஆயிரவருட அரசாட்சி. இரண்டாம் நூற்றாண்டின் சபை எழுத்தாளர்களான ஜஸ்டினும் இரேனேயுவும் அப்படித்தான் நம்பினார்கள். 20:4ல் சிலர் உயிர்த்தெழுகிறார்கள், அடுத்த வசனத்தில் மற்றவர்கள். இரண்டாவது சரீர உயிர்த்தெழுதல் என்றால் முதலாவதும் அதுதானே என்பது இவர்களுடைய மிக வலுவான வாதம். காட்சி 20ல் மறுபடி தொடக்கத்துக்குப் போகிறது என்றால், அகஸ்தீன் சொன்னதுபோல, ஆயிரம் வருஷம் என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட சபையின் காலம். பலவானை முந்திக் கட்டுவதைப் பற்றி இயேசு சொன்ன மாற்கு 3:27 இவர்களுக்குத் துணை. சுவிசேஷம் உலகத்தை நிறைத்து, நீண்ட சமாதானகாலம் வந்து, அதன் முடிவில் கர்த்தர் வருவார் என்று ஜோனத்தான் எட்வர்ட்ஸ் போன்றவர்கள் எதிர்பார்த்தார்கள். நான் அகஸ்தீன் பக்கம் சாய்கிறேன். 20:4 மட்டும் எனக்கு இன்னும் பாரமாகவே இருக்கிறது.

உபத்திரவத்துக்கு முன் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்ற இரகசிய வருகைப் போதனை 1830களில் ஜான் நெல்சன் டார்பி வழியாகவும், 1909ல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமம் வழியாகவும் பரவியது. புதியது என்று சொல்லி முடித்துவிடாமல் அவர்கள் காட்டும் வசனங்களைத் திறந்து பாருங்கள்: 1 தெசலோனிக்கேயர் 4:17, தானியேல் 9ன் எழுபதாவது வாரம், வெளிப்படுத்தல் 4 முதல் 21 வரை சபை என்று பெயர் சொல்லிப் பேசாதது.

12ஆம் அதிகாரத்தில் சூரியனை அணிந்து, பிள்ளை பெறுகிற ஸ்திரீக்குக் கத்தோலிக்க நண்பர்களைப் பேசச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்பு விழாவில் அவர்கள் வாசிப்பது இந்தப் பகுதியைத்தான். பிள்ளை இருப்புக்கோலால் ஜாதிகளை ஆளப்போகிற மேசியா என்றால் தாய் மரியாள்தான் என்பது நேரான வாசிப்பு. சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் யோசேப்பின் சொப்பனத்தில் (ஆதியாகமம் 37:9) வருவதால் இஸ்ரவேல் என்பது இன்னொன்று. 12:17ல் அவளுடைய மற்றப் பிள்ளைகள் இயேசுவைக் குறித்துச் சாட்சி சொல்கிறவர்கள் என்பதால் சபை என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றையொன்று விரட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது

ஒரு விதி மட்டும் கறாராக வையுங்கள். ஒருவர் தன் விளக்கத்தைச் சொல்லும் முன், எதிரே இருப்பவரின் விளக்கத்தை, அவர் "ஆமாம், நான் நம்புவது இதுதான்" என்று தலையாட்டும்படி சொல்ல வேண்டும். அட்வென்டிஸ்டின் நாள்-வருஷக் கணக்கை ஒரு பெந்தெகொஸ்தே சகோதரர் சரியாகச் சொல்லிக் காட்டினால் குரல் தானாக இறங்கும்.

பயிற்சிக்கு 11ஆம் அதிகாரத்தை எடுங்கள். இரண்டு சாட்சிகள் இரண்டு ஒலிவமரங்கள், இரண்டு விளக்குகள் என்று புத்தகமே சொல்கிறது. விளக்கு என்றால் என்ன என்று 1:20ல் ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறீர்கள். வானத்தை அடைப்பது எலியா, தண்ணீரை இரத்தமாக்குவது மோசே. 1260 நாளை நாளாக எடுப்பதா வருஷமாக எடுப்பதா என்று கேட்டு ஓரத்தில் குறியுங்கள். யோவான் அளக்கிற ஆலயம் அப்போது நின்றுகொண்டிருந்ததா, இனிமேல் கட்டப்படுவதா, சபையேதானா என்ற இடத்தில் வகுப்பு பிரியும். அந்தக் கேள்வியை எடுப்பதற்குள் சகரியா 4ஐ எல்லாரும் சத்தமாக வாசித்து முடித்திருக்க வேண்டும்.